செங்கழுநீர் சந்தின் மூன்றாவது அடைப்பு

அந்தத் துணியைப் பார்த்த மாத்திரத்தில் ஸௌம்யா அடையாளம் கண்டுகொண்டாள்.

சாக்கடையிலிருந்து எடுத்த துணி. கோணிப்பையின் வாயிலிருந்து ஒரு முழம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்துப்போய், ஈ மொய்த்துக் கிடந்தது. ஆனாலும் கரையில் ஓரிடத்தில் அரக்கு நிறத்தில் இரண்டு குட்டிக் கோபுரங்கள் தெரிந்தன.

"அம்மா புடவை," என்றாள். தெருவென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மெஹதாப் குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த வேலையை விட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்து நான்கு வருஷமாகிறது. கூட ஒரே ஒரு உதவியாளன், ப்ரணவ். இருபத்தாறு வயது, பி.காம்., ஓயாத வாய்.

அந்த வாய் இப்போது கர்ச்சீப்பால் மூடியிருந்தது.

"அக்கா, இந்த மூட்டையை நாமளா பிரிக்கணும்?"

"நீதான் பிரிக்கணும்."

"நான் படிச்ச சிலபஸ்ல இது இல்லையே."

"ப்ரணவ்."

அந்த ஒரு சொல்லில் அவன் அடங்கினான். ஸௌம்யாவின் முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

ஸௌம்யா முந்தின நாள் மாலைதான் அலுவலகப் படியேறி வந்திருந்தாள். அவளுடைய அம்மா அலமு, ரிடையரான சயின்ஸ் டீச்சர், சின்ன காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இந்தச் செங்கழுநீர் சந்தில் தனியாக இருப்பவர். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஆளைக் காணோம். செல்போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது. கைப்பை ஆணியில் தொங்கியது. போலீசார், கோயில் குளம் என்று எங்கேயாவது போயிருப்பார், வந்துவிடுவார் என்றார்கள். இன்று திங்கட்கிழமை. வைகாசி வெயிலில் ஆறு நாள் ஓடிவிட்டது.

சந்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடைப்பெடுக்கும் லாரி. அதன் பக்கத்தில் இந்த மூட்டை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அறுபதை எட்டிய ஒருவர் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டே ஓடிவந்தார். அலமுவின் தம்பி யதிராஜன். துணியைப் பார்த்தார். லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது அக்காவோடது."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா மாமா?" ஸௌம்யா எழுந்தாள். "என்ன பண்ணினேள் அம்மாவை? சொல்லுங்கோ! என்ன பண்ணினேள்?"

"அம்மாடி, நான்..."

"உன்னை சும்மா விடமாட்டேன்னு நடுத்தெருவுல நின்னு கத்தினேளே! சந்தே கேட்டுதே!"

அது உண்மை. போன மாதம் யதிராஜன் வீட்டு முருங்கை மரத்தின் வேர், அலமு வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட்டது. அவர் ஊரில் இல்லாத நாளில் அலமு ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டார். இறந்துபோன மனைவி நட்ட மரம். திரும்பி வந்தவர் வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினார். அன்று கத்தியதற்காக இன்று மதியம் அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது இந்தப் புடவை வேறு.

"மெஹதாப் மேடம், இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணுங்கோ. இப்பவே பண்ணுங்கோ."

மெஹதாப் மூட்டையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். லாரி ஆபரேட்டர் ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினார். குமாரவேல், ஐம்பது வயதிருக்கும்.

"நேத்து எடுத்ததும்மா இது. மூட்டையைத் தூக்கிப் போகத்தான் வந்தேன். ஒரே வாரத்துல இந்தச் சந்துக்கு மூணு தபா வந்துட்டேன். புதன், வெள்ளி, ஞாயிறு."

"மூணு தடவையும் துணியா?"

"முதல் தபா துண்டு. குளிக்கிற துண்டு. ரெண்டாவது தபா பாத்ரூம்ல தொங்க வுடுவாங்களே பிளாஸ்டிக் ஸ்கிரீன், அதோட ஒரு லுங்கி. மூணாவது இது. நேத்து மாதிரி அடைப்பு நான் பாத்ததே இல்லமா. அடைச்சது போதாதுன்னு தண்ணி வேற நிக்காம வந்துக்கினே இருந்துச்சு. சந்து முழுக்க கணுக்கால் ஆழம். ஜனங்க என்னைத் திட்டாத திட்டு இல்ல."

மெஹதாப் துணியை வாளித் தண்ணீரில் அலசினாள். மூன்று விரல் அகலத்தில் நீளநீளமாகக் கிழித்த துண்டுகள். ஒன்றோடொன்று முடிந்திருந்தன. அவள் ஒரு நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாண் போட்டு அளந்தாள். இன்னொரு துண்டை எடுத்தாள். அதையும் அளந்தாள்.

"ஸௌம்யா, இங்க வாம்மா. அழுகையை நிறுத்திட்டு இதைப் பாரு. இது கத்தியால வெட்டினதா?"

"இல்ல... கிழிச்சிருக்கு."

"நுனியைப் பாரு. சின்னச் சின்னதா நசுங்கியிருக்குதே, அது பல்லு பட்ட இடம். பல்லால கடிச்சுப் பிரிச்சுட்டு அப்புறம் கையால இழுத்துக் கிழிச்சிருக்காங்க. சாணுக்கு ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் ஒரே அளவு. ஒரு மனுஷியைக் கொன்னவன் புடவையை எரிப்பான், இல்ல புதைப்பான். உக்காந்து அளவா முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கமாட்டான்."

"அப்போ யாரு?"

"எதைப் போட்டா குழாய் அடைக்கும்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்."

ஸௌம்யா திகைத்துப் பார்த்தாள். "இந்தச் சந்துலேயே அது அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனா அம்மா ஒரு சிட்டிகை டீத்தூளைக்கூட சிங்க்ல போடவிடமாட்டா. எண்ணெய்ச் சட்டியைப் பேப்பரால துடைச்சுட்டுத்தான் கழுவணும்பா. கஞ்சித் தண்ணியை செடிக்குத்தான் விடணும்பா. தலைமுடி ஒண்ணு பாத்ரூம்ல கிடந்தா எனக்கு அன்னிக்கு சாப்பாடு கிடையாது. அவ போய் துணியைப் போடுவாளா?"

"மாட்டாங்க. போடவே மாட்டாங்க. அதனாலதான் கேக்கறேன். அப்படிப்பட்டவங்க துணியை முடிஞ்சு முடிஞ்சு சாக்கடையில விடறாங்கன்னா, எதுக்கு?"

யதிராஜன்தான் மெல்லக் கேட்டார்:

"எங்கேயோ மாட்டிண்டிருக்காளா?"

"உயிரோட மாட்டிக்கிட்டு இருக்காங்க. வாயால கூப்பிட முடியல. அதனால சாக்கடையால கூப்பிடறாங்க."

ஸௌம்யா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலசிய துணியின் கடைசி முடிச்சில் வேறொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையளவு கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பை. அதன் விளிம்பில் பட்டு நூல் ஓடியது. மெஹதாப் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் நூலின் நிறம் மேலே வந்தது. ஒரு பக்கம் நீலமாகவும், திருப்பினால் பச்சையாகவும் தெரிந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாள் முன்னால் வந்தாள். சந்தின் முதல் வீட்டில் தறி போட்டிருப்பவள்.

"இது வலை மாமி குடுத்ததும்மா. அலமு டீச்சரை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். பாத்ரூம் ஓட்டையில முடி போவாம இருக்கறதுக்கு எல்லா வீட்டுக்கும் அவங்களே தெச்சுக் குடுத்தாங்க. தோய்ச்சு மாடியில காயப்போட்டா மாறிடக்கூடாதுன்னு வீட்டுக்கு ஒரு கலர் நூலு. என்கிட்டதான் கழிவு நூல் வாங்கினுபோனாங்க. எங்க வீட்டுக்கு வெங்காயத்தோல் கலரு."

"இது என்ன கலர்?"

"மயில் கழுத்து."

"யார் வீட்டுது?"

"அது ஞாபகம் இல்லியேம்மா. பதினாலு வீடாச்சே."

மெஹதாப் திரும்புவதற்குள் ப்ரணவ் கிளம்பிவிட்டான். கால் மணி நேரத்தில் வேர்த்து வழியத் திரும்பி வந்தான்.

"பதிமூணு வீடு, பதிமூணு பாத்ரூம், பதிமூணு கலர். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, எல்லாம் அதது இடத்துல இருக்கு. மயில் கழுத்து எங்கேயும் இல்ல. இவ்வளவு மரியாதையா என்னை இதுக்கு முன்னாடி யாரும் பாத்ரூமுக்குக் கூட்டிண்டு போனதில்ல அக்கா."

"பதினாலாவது?"

அவன் கையை நீட்டினான். சந்தின் கடைசி வீடு. இரண்டு மாடி. முன்கதவில் பெரிய பூட்டு, பூட்டின் மேல் தூசி.

"சத்தார் பாய் வூடு," என்றாள் கிருஷ்ணம்மாள். "ஜரிகை வியாபாரம். பொண்ணு ரூக்‌ஷார் பிரசவத்துக்குக் குடும்பத்தோட ஷார்ஜா போயிட்டாங்க. பூட்டி நாப்பது நாள் ஆவுது. அங்க யாருமா இருப்பாங்க?"

குமாரவேல் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த அடைப்பு விஷயத்தை இனிமே வுடுங்கம்மா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு பிரச்சனையும் இல்ல. இப்பதான் மூடியைத் தொறந்து பாத்தேன். சும்மா ஜம்முனு ஓடுது."

"அப்பாடா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ கைகூடத் தட்டினார்கள். புதன்கிழமையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த சந்து அது.

மெஹதாப்பின் முகம் மட்டும் வெளுத்தது.

"ஏன்?" என்றாள்.

"என்னம்மா?"

"ஏன் நின்னுச்சு? மூணு தடவை விடாம அடைச்சவங்க, நேத்து சந்தையே முழுகடிச்சவங்க, ஏன் நிறுத்திட்டாங்க?"

"குமாரவேல் அண்ணே, கடைசி வீட்டுக் குழாய் வந்து சேர்ற இடத்தை மட்டும் திறங்க. சீக்கிரம்!"

குமாரவேல் கடப்பாரையோடு ஓடினார். பூட்டிய வீட்டின் முன்னால் இருந்த மூடியைப் புரட்டித் தள்ளி டார்ச் அடித்தார். பக்கச் சுவரில் அந்த வீட்டுக் குழாயின் வாய் தெரிந்தது. கீழ் உதட்டில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது வழியாத்தான் வந்திருக்குதும்மா," என்றார் அவர். பிறகு டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "ஆனா காஞ்சு கெடக்குது. சொட்டுத் தண்ணி இல்ல."

"டேங்க் காலி," என்றாள் மெஹதாப். "நேத்து குழாயைத் திறந்து விட்டுட்டாங்க. ரெண்டு தடவை அடைச்சும் யாரும் வரல. தெருவே நாறினா வருவாங்கன்னு, குடிக்க இருந்த தண்ணியையும் சேர்த்து விட்டுட்டாங்க. நாம அடைப்பை எடுத்துட்டுப் போயிட்டோம்."

ஸௌம்யா பூட்டிய கதவைக் கைகளால் அறைய ஆரம்பித்தாள். "அம்மா! அம்மா!" உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒட்டியிருந்த கட்டடத்தில் ஜரிகை சுற்றும் மோட்டார்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன.

"ஆனா பூட்டின வீட்டுக்குள்ள அக்கா எதுக்குப் போகணும்?" என்று கேட்டார் யதிராஜன்.

பதில் குமாரவேலிடமிருந்து வந்தது. "பூட்டின வீட்டுல பாத்ரூம் ஓட்டைக்குக் கீழ ட்ராப்புல நிக்கிற தண்ணி காஞ்சிடும் சார். அது காஞ்சா சாக்கடை வாயு வீட்டுக்குள்ள ஏறும், கரப்பான் ஏறும். வெவரம் தெரிஞ்சவங்க வாரத்துக்கு ஒருவாட்டி போயி ஒரு சொம்பு..." சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கடப்பாரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சந்தில் அந்த விவரம் யாருக்குத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மெஹதாப் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். நல்லவேளையாக ரூக்‌ஷாரின் நம்பர் கிருஷ்ணம்மாளிடம் இருந்தது. மூன்றாவது ரிங்கில் எடுத்தது சத்தார் பாய்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சத்தார் பாய், காஞ்சிபுரத்துலேர்ந்து மெஹதாப்னு பேசறேன். உங்க வீட்டுச் சாவி அலமு டீச்சர்கிட்ட இருக்குதா?"

"வ அலைக்கும் ஸலாம். பின்கதவுச் சாவிம்மா. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை வந்து தண்ணி ஊத்தறேன்னு அவங்களே கேட்டு வாங்கினாங்க. வீடு காலின்னு வெளியில தெரியக்கூடாது, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான்... ஏன்மா, என்ன ஆச்சு?"

"கதவை உடைக்கணும் பாய்."

"யா அல்லாஹ்! உடைங்கம்மா, கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, உடைங்க!"

பின்பக்கச் சந்து ஒரு ஆள் அகலம்தான். பின்கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். குமாரவேல் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். யதிராஜன் தோளால் மோதினார். ஒருமுறை, இருமுறை. மூன்றாவது முறை நிலையோடு பிய்ந்து வந்தது.

வாசற்படிக்கு உள்பக்கம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஒழுங்காக விட்டிருந்தது. பக்கத்து ஆணியில் சாவி தொங்கியது.

"அம்மா செருப்பு," என்றாள் ஸௌம்யா.

கூடத்தைத் தாண்டி நடுவில் குளியலறை. பழைய தேக்குக் கதவு. அதன் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே விழும் இரும்புக் கொண்டி, வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டபோது கொண்டி தானாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். யாரும் கடத்தவில்லை. யாரும் அடைத்து வைக்கவில்லை. தம்பியின் வீட்டிலிருந்து நூறடி தூரத்தில், ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு துண்டு இரும்பு ஆறு நாளாக ஒரு உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

யதிராஜன்தான் அதைத் தூக்கினார்.

அலமு சுவரோரமாகச் சுருண்டு கிடந்தார். மிச்சமிருந்த பாதிப் புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் நகங்களெல்லாம் கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கிழிந்திருந்தன. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண்கள் பாதி மூடியிருந்தன. தலைக்கு மேலே குழாய் முழுதாகத் திறந்து கிடந்தது. தண்ணீர் இல்லை.

"அக்கா! அக்கா, நான் வந்துட்டேன், பாரு!"

மெஹதாப் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் விரலை வைத்தாள். நொடிகள் போய்க்கொண்டிருந்தன. ஸௌம்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்குது," என்றாள் மெஹதாப். "இருக்குதும்மா. ப்ரணவ், ஆம்புலன்ஸ்!"

"முன்னாடியே கூப்பிட்டாச்சு அக்கா. சந்தை லாரி அடைச்சிண்டு நிக்கறது, உள்ள வர முடியாது. மெயின் ரோட்டுல நிக்கச் சொல்லியிருக்கேன்."

குமாரவேல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மெஹதாப் தடுத்தாள். "மொத்தமா வேணாம்." தன் துப்பட்டா நுனியை நனைத்து உதட்டில் ஒற்றினாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறை அந்த உதடுகள் துணியைச் சப்பின. அதைப் பார்த்ததும் ஸௌம்யா கதறிவிட்டாள்.

ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்க யதிராஜன் ஒப்பவில்லை. அக்காவைக் குழந்தையைப் போல் இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டார். செங்கழுநீர் சந்து முழுவதும் வாசலில் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் மெயின் ரோடு வரை வெறுங்காலோடு நடந்தார். ஸௌம்யா பக்கத்திலேயே ஓடினாள். ஆம்புலன்ஸ் வாசலில் அவர் அக்காவைப் படுக்க வைத்துவிட்டு ஒதுங்கி நின்றபோது, அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்களும் ஏறுங்கோ."

"ஸ்டேஷன்ல என்னை..."

"நான் பேசிக்கறேன். ஏறுங்கோ மாமா." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "நான் பேசினதெல்லாம்..."

"அப்புறம் அழுதுக்கலாம். அவ கால் ஐஸ் மாதிரி இருக்கு. உக்காந்து தேய்ச்சு விடு."

ஆம்புலன்ஸ் போய்விட்டது. குமாரவேல் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"மூணு தபாவும் நான்தான்மா எடுத்தேன்," என்றார். "அவங்க கஷ்டப்பட்டுக் கட்டிக் கட்டி அனுப்பினதை, மெஷினை வெச்சு நான்தான் பிச்சுப் போட்டேன்."

மெஹதாப் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ப்ரணவ் எங்கிருந்தோ மூன்று டீ வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. டீ ஆறிப்போனது. அவர்கள் அப்படியே காத்திருந்தார்கள்.

மூன்றரை மணிக்கு ஸௌம்யா கூப்பிட்டாள். மெஹதாப் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், ட்ரிப்ஸ் ஏறிண்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். இப்போ கண்ணைத் திறந்து பேசினா மேடம்! முதல் ரெண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினாளாம். பகல்ல மோட்டார், ராத்திரியில கோயில் உற்சவ மேளம். மூணாம் நாள் குரலே போயிடுத்தாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மெஹதாப். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேக்கறா மேடம். எனக்கு பதில் சொல்லத் தெரியல."

"என்னம்மா?"

"'மூணு தரம் அடைச்சேனே, ஒருத்தருக்குமா ஏன்னு கேக்கத் தோணல'ங்கறா."

குமாரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ப்ரணவ் தரையைப் பார்த்தான்.

"தோணலம்மா," என்றாள் மெஹதாப். "நாலாவது தடவை அடைக்காம இருந்தாங்களே, அப்பதான் தோணிச்சுன்னு சொல்லு."